அக்காவின் சுண்டுவிரலும் என் அவசரக் கையும்

ஸ்கேல் எப்படிப் போவது, கார்டு எப்படிப் பிடிப்பது என்றெல்லாம் நான் உங்களுக்குச் சொல்லித் தரப் போவதில்லை. அதெல்லாம் உங்கள் போனிலேயே கிடக்கிறது. என்னைவிட நன்றாகச் சொல்லித் தருகிறவர்கள் அதில் இருக்கிறார்கள். ரிசப்ஷன் மேடையிலும் ஹோட்டல் ஹாலிலும் சர்ச்சிலும் கீபோர்டு வாசிக்க வந்திருக்கிற உங்களுக்குப் போனில் கிடைக்காத ஒரு விஷயத்தை மட்டும் சொல்கிறேன். வாசிக்கிறவன் கை எப்போது சும்மா இருக்க வேண்டும் என்பதுதான் அது. எனக்கு அது புரிய இருபது வருஷம் ஆயிற்று, அதுவும் திட்டு வாங்கித்தான் புரிந்தது.

நான் கணியம்பாடிப் பக்கத்து ஆள். வீட்டில் நிலக்கடலை போடுவார்கள். நிஜ பியானோவை நான் தொட்டுப் பார்த்ததே முப்பது வயதுக்கு மேல்தான். அதற்கு முன்னால் வேலூரில் ஒரு லைட் மியூசிக் ட்ரூப்பில் கீபோர்டு வாசித்தேன். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம் எதையும் விட்டதில்லை. அந்த மேடைகளில் கீபோர்டுக்காரனுக்குச் சம்பளம் கொடுப்பதே ஒட்டுப் போடுவதற்குத்தான். யார் எங்கே கோட்டை விட்டாலும் ஜனங்களுக்குத் தெரியாமல் மூட வேண்டும்.

குடியாத்தத்தில் ஒரு ரிசப்ஷன். தறி வைத்து லுங்கி நெய்கிற குடும்பம். பெண்ணுக்குத் தாய்மாமன் மேடையேறி, "பாடறது நம்ம ரத்தத்துலயே கீது" என்று சொல்லிப் பாடகரிடமிருந்து மைக்கை வாங்கிக்கொண்டார். பல்லவி வரைக்கும் ரத்தத்தில் இருந்தது. இரண்டாவது சரணம் மறந்துபோய், பாதியிலேயே பல்லவிக்குத் தாவினார். தாவின வேகத்தில் சுருதி ஒரு கட்டை ஏறிவிட்டது. தபலாக்காரர் என்னைப் பார்க்கிறார், கிடார்க்காரர் என்னைப் பார்க்கிறார். நான் அந்த ஒரு மூச்சு இடைவெளியில் சின்னதாக ஒரு இசையை நுழைத்து, சுருதியையும் ஏற்றி, மாமா விழுந்த இடத்தில் மெத்தை போட்டதுபோல் எல்லாரையும் கொண்டுவந்து சேர்த்துவிட்டேன். கைத்தட்டல் பிய்த்துக்கொண்டு போயிற்று. மாமா இறங்கிப் போகும்போது என் தோளைத் தட்டி, "இன்னாபா, நடுவுல நீ கொஞ்சம் தடுமாறிட்ட போல. பரவால்ல, நான் சமாளிச்சிட்டேன்" என்றார்.

எனக்குக் கோபம் வரவில்லை. சிரிப்புதான் வந்தது. ஏனென்றால் அதுதான் என் பெருமை. நான் போட்ட ஒட்டு தெரியவில்லை என்பதற்கு அதைவிடப் பெரிய சான்றிதழ் வேண்டுமா? ட்ரூப்பில் என்னை 'ஒட்டு குமார்' என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயரோடுதான் ஆம்பூருக்குப் போனேன்.

ஆம்பூரில் பைபாஸ் ஓரம் ஒரு ஹோட்டல். முதலாளி தோல் பதனிடும் தொழிலில் இருந்த குடும்பத்து பாய். ஷூ வாங்க வருகிற வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் இடம் என்பதால், பெங்களூரில் எங்கோ மூடிப்போன ஒரு கிளப்பிலிருந்து பழைய பியானோ ஒன்றை வாங்கிக் கொண்டுவந்து சாப்பாட்டு ஹாலில் போட்டிருந்தார். வார நாட்களுக்கு ஒரு ஆள் வேண்டும் என்று என்னை எடுத்தார்கள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு ஏற்கனவே ஒரு ஆள் இருந்தார். அவர்தான் அக்கா.

அக்காவின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இப்போதும் திருப்பத்தூர்ப் பக்கம் மகள் வீட்டில் நன்றாக இருக்கிறார். பெயரை எழுதினால், என்னை எதுக்குடா இழுத்த என்று காலையிலேயே போன் பண்ணுவார். என்னைவிட மூன்று வயது பெரியவர். வாரத்தில் ஐந்து நாள் ஒரு ஷூ கம்பெனியில் தையல் செக்‌ஷன் சூப்பர்வைசர். மற்ற இரண்டு நாளும் பியானோ.

அவர் வாசித்தது இங்கே யாரும் வாசிக்காத ஒன்று. அதற்கு ஸ்ட்ரைட் பியானோ, அதாவது எட்டி அடி வைக்கிற பியானோ, என்று பெயர் என்பதே எங்கள் இரண்டு பேருக்கும் வெகுநாள் கழித்துத்தான் தெரியும். இடது கை கீழே ஒரு ஒற்றைக் கட்டையை அடிக்கும். உடனே தாவி நடுவில் மூன்று நான்கு கட்டைகளைச் சேர்த்து ஒரு கார்டைப் பிடிக்கும். மறுபடி கீழே, மறுபடி மேலே. பாட்டு முடிகிற வரைக்கும் இந்தத் தாவல் நிற்கவே நிற்காது. கீழே விழுவதைப் பெரும்பாலும் சுண்டுவிரல் பார்த்துக்கொள்ளும். வலது கை அதன் பாட்டுக்கு மேலே விளையாடும். இடது கைதான் ஊர்வலத்தில் முன்னால் போகிற பேண்டு செட், வலது கை பின்னால் குதிரையில் வருகிற மாப்பிள்ளை என்று அக்கா சொல்வார்.

அக்காவின் அப்பா ஜோலார்பேட்டையில் ரயில்வே காலனி கிளப் ஒன்றில் சமையல்காரர். அங்கே ஒரு பியானோவும், ஒரு கிராமபோனும், கொஞ்சம் இசைத்தட்டுகளும் இருந்தன. அதில் ஒரு தட்டில் நடுவில் ஒட்டியிருந்த காகிதம் சுத்தமாக உரிந்துபோயிருந்தது. யார் வாசித்தது, எந்த ஊர் எதுவும் தெரியாது. பியானோ மட்டும்தான், பக்கத்துக்கு ஒரு பாட்டு. கிளப்பில் கூட்டம் இல்லாத மத்தியானங்களில் அக்கா அந்தத் தட்டைப் போட்டுப்போட்டுக் கேட்டு, பியானோவில் தேடித்தேடி, இரண்டு பாட்டையும் அப்படியே கைக்குள் இறக்கிவிட்டார். பிறகு தெரிந்த மற்ற பாட்டுகளையும் அதே மாதிரி வாசிக்கப் பழகிக்கொண்டார். ஒரே ஆள் வாசிக்கிறான் என்பதை முதலில் அவர் நம்பவில்லையாம். இரண்டு பேர் என்றுதான் நினைத்தாராம். அவருடைய அப்பாதான், "ஒரு கை கிண்டும், இன்னொரு கை வெங்காயம் அரியும். நானும் அப்படித்தான் வேல செய்றேன். அவன் நம்ம மாதிரி ஆளு தான்" என்று சொன்னாராம். அன்றிலிருந்து அந்த முகம் தெரியாத வாசிப்புக்காரருக்கு அக்கா வைத்த பெயர் 'நம்மாளு'.

பின்னால் நான் படித்துத் தெரிந்துகொண்டேன். நூறு வருஷத்துக்கு முன்னால் நியூயார்க்கில் ஹார்லெம் என்ற பகுதியில் கறுப்பினத்து வாசிப்புக்காரர்கள் வளர்த்த பாணி அது. சின்னச் சின்ன வீடுகளில் ஜனம் நெருக்கியடித்துக்கொண்டு ஆடும். டிரம் வைக்க இடம் கிடையாது. ஒரு பியானோ மட்டும்தான். அதனால் டிரம்முக்கும் அடிநாதத்துக்கும் சேர்த்து இடது கையே பொறுப்பு. ஒருத்தர் வாசிக்கும்போது அடுத்தவர் பின்னாலேயே நின்றுகொண்டிருப்பார். தடுமாறினால் ஸ்டூலை விட்டு எழுந்துவிட வேண்டும், நின்றவர் உட்கார்ந்துவிடுவார். அங்கே ஒட்டுப் போட ஒருத்தரும் இருந்திருக்க மாட்டார்கள். இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது.

அக்காவுக்கு விபத்து நடந்தது நான் அங்கே சேர்ந்து பல வருஷம் கழித்து. கம்பெனியில் தோலின் ஓரத்தைச் சீவி மெல்லிசாக்குகிற மெஷினில் ஒரு துண்டு சிக்கிக்கொண்டது. ஆபரேட்டர் பெண் புதுசு, பயந்துபோய் நின்றாள். அக்கா இடது கையை விட்டு எடுத்தார். சுண்டுவிரலின் அடியில் ஆழமான வெட்டு, உள்ளே தசைநார் அறுந்துவிட்டது. வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியில் தைத்தார்கள். மாதக்கணக்கில் பயிற்சி கொடுத்தார்கள். கை பிழைத்தது. ஆனால் சுண்டுவிரல் மட்டும் உள்பக்கம் வளைந்தபடியே நின்றுவிட்டது. நீளவும் இல்லை, பக்கவாட்டில் விரியவும் இல்லை.

பார்க்கப் போனபோது, "பத்துல ஒன்னு தானேடா போச்சு. ஜாஸ்தி இல்ல" என்று சிரித்தார். எனக்குச் சிரிக்க வரவில்லை. போன ஒன்று எது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். கீழே விழுகிற அந்த விரல் இல்லாமல் நம்மாளு பாட்டை எப்படி வாசிப்பது? கம்பெனியில் அவரை மேஜை வேலைக்கு மாற்றிக்கொண்டார்கள், அதில் கவலை இல்லை. கவலையெல்லாம் பியானோவைப் பற்றித்தான். "அந்த ஸ்டூல் இல்லன்னா சனிக்கிழமன்னு ஒன்னு எதுக்குடா வரணும்" என்று ஒருமுறை கேட்டார். அக்கா அப்படியெல்லாம் பேசுகிறவர் இல்லை.

இந்த மாதங்களில் வாரம் ஏழு நாளும் ஹோட்டலில் நான்தான். மேனேஜர் புதிதாக ஒரு கீபோர்டு வாங்கிக் கொடுத்தார். பொத்தானை அழுத்தினால் டிரம் வரும், பேஸ் என்கிற கீழ்ச் சத்தம் வரும், கேட்டால் வயலினும் வரும். உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால், ஏழு நாளும் என் பெயரையே ஹாலில் சொல்வது எனக்குப் பிடித்திருந்தது. அக்கா திரும்பி வரட்டும் என்று வாயால் சொன்னேன். மனதுக்குள் ஒரு மூலையில், அவசரம் ஒன்றும் இல்லையே என்றும் இருந்தது. இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அக்கா வரத் தயார் என்று சொன்னதும் மேனேஜர் யோசித்தார். அவர் ஹோட்டலுக்கு வருவதற்கு முன்னால் ஷூ ஏற்றுமதியில் தரம் பார்க்கிற பிரிவில் இருந்தவர். எதைப் பேசினாலும் அந்த பாஷைதான் வரும்.

"குமார் ஒருத்தரே ஓட்டிட்டாரு. கம்ப்ளெயின்ட் ஒன்னும் இல்ல. ரெண்டு பேர் எதுக்குன்னு பாய் கேக்கறாரு" என்றார். "ஒன்னு பண்ணலாம்க்கா. இந்த சனிக்கிழம ஷூ வாங்கற பையர் பார்ட்டி பெருசா வருது. நீங்க வாசிங்க. சாம்பிள் பாத்துட்டு முடிவு பண்ணிக்கலாம்."

"பாருங்க சார்" என்றார் அக்கா. அவ்வளவுதான்.

அக்கா வீட்டில் பியானோ கிடையாது. சாப்பாட்டு மேஜை மேல் சாக்பீஸால் கட்டைகளை வரைந்து வைத்துக்கொண்டு, சுண்டுவிரலுக்குப் பதிலாக நடுவிரலால் கீழ்க் கட்டையை அடித்து மாதக்கணக்காகப் பழகியிருந்தார். மேஜை சத்தம் போடாது. ஹோட்டலில் வந்து பழகலாம் என்றால், அந்த வாரம் முழுக்க ஹாலில் ஏதோ கம்பெனி மீட்டிங். சனிக்கிழமை சாப்பாட்டுக்கு முன்னால் கால் மணி நேரம்தான் கிடைத்தது. அதிலும் பாதி, மூடியைத் திறந்து தூசி தட்டுவதில் போய்விட்டது.

"குமார், நீங்க பக்கத்துல கீபோர்ட ஆன்ல வைங்க. சேஃப்டிக்கு" என்று மேனேஜர் என் காதில் சொன்னார். நானும் பியானோவுக்குப் பக்கவாட்டில் கீபோர்டைப் போட்டு, சத்தத்தைக் கம்மியாக வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

பன்னிரண்டரைக்கு ஹால் நிரம்பிவிட்டது. இத்தாலிக்காரர்கள் ஒரு பக்கம், நம் கம்பெனி ஆட்கள் ஒரு பக்கம், நாட்றம்பள்ளியிலிருந்து கார் போட்டுக்கொண்டு பிரியாணிக்காகவே வந்த ஒரு குடும்பம் ஜன்னலோரம். அக்கா நம்மாளு பாட்டின் முதல் பக்கத்தை ஆரம்பித்தார். வலது கை பழைய அக்கா. இடது கை முதல் தாவலில் சரியாக விழுந்தது. இரண்டாவது தாவலில் கீழே பக்கத்துக் கட்டையில் விழுந்தது. மூன்றாவதில் இரண்டு கட்டைக்கு நடுவில், சத்தமே இல்லை.

சத்தமில்லாத அந்த இடத்துக்கு என் கை போய்விட்டது. நான் யோசிக்கவில்லை, இருபது வருஷப் பழக்கம். கீபோர்டில் பேஸ் சத்தத்தை வைத்து, அக்கா விட்ட கட்டையை நான் அடித்தேன். அடுத்து அவர் விடப் போகிற இடத்தை முன்கூட்டியே ஊகித்து அதையும் அடித்தேன். நான்கு வரி போவதற்குள் கீழ்ப்பகுதி முழுவதும் கிட்டத்தட்ட என் கையில். ஹாலில் ஒருவருக்கும் தெரியவில்லை. மூன்று பாட்டு அப்படியே போயிற்று. மேனேஜர் தூணில் சாய்ந்து சிரித்துக்கொண்டு நின்றார். எனக்கு உள்ளே ஒரே குளிர்ச்சி. அக்காவைக் காப்பாற்றிவிட்டேன், ஏழு நாளில் இரண்டு நாளை விட்டுக்கொடுக்கிற பெரிய மனசும் எனக்கு இருக்கிறது என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

இடைவேளை வந்தது. அக்கா எழுந்து பின்வாசல் வழியாகப் போனார். நானும் போனேன். ஜெனரேட்டர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"பிளக்க புடுங்கு" என்றார்.

"இன்னாக்கா?"

"கீபோர்டு பிளக்க புடுங்குன்னேன்."

"நல்லாத்தானே போச்சு. மேனேஜர் சிரிச்சினு நின்னாரு, நீ பாக்கல?"

"எதுக்கு சிரிச்சாரு? நீ வாசிச்சதுக்கு சிரிச்சாரு." அக்கா குரலை உயர்த்தவில்லை. "எங்க கம்பெனில பையருக்கு சாம்பிள் அனுப்புவோம். நம்ம லைன்ல தச்சத தான் அனுப்பணும். வேற எடத்துல தச்சி வாங்கி நம்மளதுன்னு அனுப்பினா அப்ரூவல் வந்துடும். அப்பறம் ஆர்டர் வரும். அத எவன் தைப்பான்? அடுத்த சனிக்கிழம உனக்கு ஜுரம்னா நான் இன்னா பண்ணுவேன்?"

நான் என்னவோ சொல்ல வாயெடுத்தேன். அவர் விடவில்லை.

"அது கூட பரவால்லடா. இன்னொன்னு பண்ண பாரு, அத சொல்றேன் கேளு. இத்தினி வருஷமா சுண்டுவெரலுக்குப் பழகின தூரம் இது. இப்ப நடுவெரல்ல அடிக்கறேன். கை இன்னும் ரெண்டு கட்ட தள்ளிப் போவணும். எவ்ளோ தள்ளிப் போவணும்னு கண்ணுக்கு தெரியாது, அங்க பாக்க நேரம் ஏது? காது தான் சொல்லணும். தப்பா விழுந்துச்சுன்னா, அத கேட்டுட்டு அடுத்த வாட்டி கை தானா திருத்திக்கும். நீ நடுவுல பூந்து கரெக்ட்டா அடிச்சிட்ட. என் கை எங்க விழுந்துச்சுன்னே எனக்கு கேக்கல. எல்லாம் சரியாத்தான் கீதுன்னு நம்பிகினு அது திரும்பத் திரும்ப அதே எடத்துல போய் விழுது. மூணு பாட்டு வீணாப் போச்சு. மேஜையில தான் சத்தம் இல்லன்னு இங்க வந்தேன். நீ இதையும் மேஜை ஆக்கிட்ட."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. பியானோ வாசிக்கிற நானே இதை எப்படி யோசிக்காமல் போனேன் என்று இருந்தது. நீங்களும் கண்ணை மூடிக்கொண்டு ஒரு முறை தாவிப் பாருங்கள். கை தன் இடத்தைத் தெரிந்துகொள்வது தன் தப்பைக் கேட்டுத்தான். அந்தத் தப்பை நான் அவர் காதிலிருந்து பிடுங்கிக்கொண்டேன். உதவி என்ற பெயரில் பிடுங்கினேன்.

"எடுத்துட்டு, ரொம்பத் தப்பா போச்சுன்னா?" என்று கேட்டேன்.

"போச்சுன்னா போச்சு. வீட்டுக்குப் போறேன். கெட்டாலும் என் கையாலயே கெட்டுட்டுப் போறேன்."

உள்ளே போய் பிளக்கைப் பிடுங்கினேன். கீபோர்டின் சின்ன விளக்கு அணைந்தது. தூணிலிருந்து மேனேஜர் பார்த்துவிட்டு வேகமாக வந்தார்.

"ஏன் ஆஃப் பண்ணீங்க?"

இங்கேதான் நான் இரண்டாவது தடவையாக முடிவெடுக்க வேண்டியிருந்தது. கீபோர்டில் ஏதோ கோளாறு என்று சொல்லியிருக்கலாம். அதுவும் ஒரு ஒட்டுதான். முதல் பாதி நன்றாக இருந்தது என்ற நினைப்பிலேயே அவர் இருப்பார், அக்காவுக்கும் அது ஒரு பாதுகாப்பு. வாய் வரைக்கும் வந்த பொய்யை விழுங்கிவிட்டு, "சார், இவ்ளோ நேரம் கீழ வந்த சத்தத்துல பாதிக்கு மேல நான் வாசிச்சது" என்றேன்.

அவர் முகம் மாறியது. "அப்ப நான் பாத்தது என்ன சாம்பிள்?"

"கலப்படம் சார். இனிமேதான் அக்காவோடது."

மேனேஜர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். தரம் பார்த்தவர் அல்லவா, ஏமாந்ததில் அவருக்கு ரோஷம். மறுபடி தூணுக்குப் போனார். இந்தத் தடவை சாயவில்லை, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அக்கா உட்கார்ந்தார். அதே பாட்டையே மறுபடி எடுத்தார். இரண்டாவது தாவல் தப்பு, நன்றாகவே கேட்டது. நான்காவது தப்பு. இத்தாலிக்காரர் ஒருவர் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தினார். ஜன்னலோரக் குடும்பத்தில் பேச்சு நின்றது. என் கைகள் இரண்டும் துடித்தன. அணைந்துபோன கீபோர்டின் மேலேயே விரல்கள் போகின்றன, பாருங்கள். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டேன். வாழ்க்கையில் நான் செய்த கஷ்டமான வாசிப்பு அதுதான் என்று சொல்வேன்.

அக்கா ஒவ்வொரு தப்பையும் கேட்டார். நிற்கவில்லை, வாசித்துக்கொண்டேதான் கேட்டார். தலை லேசாக இடது பக்கம் சாய்ந்திருந்தது. வேகத்தைக் கொஞ்சம் இறக்கினார். பத்து வரி போவதற்குள் தப்பு கம்மியாயிற்று. முதல் பாட்டு முடியும்போது கை கட்டையைக் கண்டுபிடித்துவிட்டது. ஆனால் நடுவிரல் அதிக தூரம் போய் வருவதால், கீழே விழுகிற சத்தம் ஒவ்வொரு முறையும் ஒரு இழை தாமதமாக விழுந்தது. அக்கா அதைத் துரத்திப் பிடிக்கப் பார்க்கவில்லை. இரண்டாவது பாட்டில் அதற்கு இடம் விட்டு, வலது கையையும் அதற்கேற்றபடி சாய்த்துக்கொண்டார். பழைய அக்காவின் வாசிப்பில் ஒரு துள்ளல் இருக்கும். இதில் துள்ளல் இல்லை. சாப்பிட்டுவிட்டு, போகிற இடத்துக்கு அவசரமே இல்லாத ஒருவர் நடந்து போவதுபோல் இருந்தது.

பிரியாணித் தட்டோடு போன சர்வர் ஒருவர் தன்னையறியாமல் அந்தத் தாமதத்துக்கு அடி வைத்து நடந்ததை நான் பார்த்தேன். தலையை நிமிர்த்திய இத்தாலிக்காரர் மறுபடி சாப்பிடவே இல்லை. முட்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு விரலால் மேஜை விரிப்பைத் தட்டிக்கொண்டிருந்தார். எனக்கு வந்தது சந்தோஷம்தான், வேறொன்றும் இல்லை. அந்த ஏழு நாளில் இரண்டு நாள் போகப் போகிறது என்பதில் எனக்கு அப்போது துளிகூட வருத்தம் இல்லை. அதைக் கவனித்தபோது என்மீதே கொஞ்சம் மரியாதை வந்தது.

முடிந்ததும் மேனேஜர் வந்தார். அக்கா ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தார். அவர் நெற்றியெல்லாம் வேர்வை.

"கொஞ்சம் லேட்டா விழுதுக்கா" என்றார் மேனேஜர்.

"ஆமா சார்."

"ஆனா எல்லாமே ஒரே அளவு லேட்டா விழுது. ஒன்னு கூட, ஒன்னு கொறையன்னு இல்ல." அவர் பேனாவை எடுத்துச் சட்டைப் பையில் சரியாகச் செருகிக்கொண்டார். "கன்சிஸ்டென்சி இருக்கு. அப்ரூவ்டு. சனி, ஞாயிறு உங்களுது. இந்தக் கீபோர்டு பக்கத்துல வேணாம்."

அதற்குப் பிறகு அக்கா ஒன்பது வருஷம் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். இரண்டாவது மாதமே மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "வார நாள்லயும் அக்கா மாதிரி கொஞ்சம் லேட்டா வாசிங்க, கெஸ்ட் கேக்கறாங்க" என்றார். பத்து விரலும் நன்றாக இருக்கிற எனக்கு அது கடைசி வரைக்கும் வரவில்லை. வேண்டுமென்றே தாமதிக்கப் பார்த்தால் பஸ்ஸைத் தவறவிட்டவன் மாதிரி இருந்தது. அக்காவிடம் கேட்டேன். "தேவப்பட்டா வரும்டா. உனக்கு தேவப்படல, பேஜார் பண்ணாத" என்று விட்டுவிட்டார்.

இதைச் சொன்னதும் உங்களில் யாராவது, அப்படியானால் இனிமேல் யாருக்கும் ஒட்டுப் போடக் கூடாது என்று கிளம்பிவிடாதீர்கள். குடியாத்தத்து மாமாவுக்குப் போடுங்கள். அவர் ஒரு பாட்டுப் பாடிவிட்டு வீட்டுக்குப் போகிறவர். அவர் சந்தோஷமாகப் போகட்டும். மணப்பெண் மேடையில் நிற்கும்போது அவள் மாமா அவமானப்படக் கூடாது. ஆனால் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் அந்த ஸ்டூலில் நாளைக்கும் உட்கார வேண்டியவர் என்றால், அவருடைய தப்பு அவருக்குக் கேட்கட்டும். கை துடிக்கும். துடிக்கிற கைக்கு அடியில் கொஞ்சம் ஆசையும், கொஞ்சம் பெருமையும்கூட இருக்கும், எனக்கு இருந்தது. எது எப்போது என்று மேடையில் யோசிக்க உங்களுக்கு அரை மூச்சுதான் கிடைக்கும். தெரியாவிட்டால் அவர் முகத்தைப் பாருங்கள், கேளுங்கள். நான் மூன்று பாட்டு வரைக்கும் அக்காவின் முகத்தைப் பார்க்கவே இல்லை, மேனேஜர் முகத்தைத்தான் பார்த்தேன்.

அன்றைக்கு மேனேஜர் போன பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஹால் காலியாகிக்கொண்டிருந்தது. அக்காவின் இடது கை வீங்கிச் சிவந்திருந்தது. பியானோ மேலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து, இடது கையில் பிடித்துக்கொண்டு வலது கையால் மூடியைத் திருகினார். பிடி நிற்கவில்லை, பாட்டில் வழுக்கியது. மடியில் இடுக்கிக்கொண்டு திருகினார். அப்போதும் வரவில்லை. நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பாடம் கற்றவன் அல்லவா, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியிலேயே வைத்துக்கொண்டு பயபக்தியோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா மூன்றாவது தடவை திருகிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். தொடைக்கு அடியிலிருந்த என் கைகளையும் பார்த்தார்.

"இன்னாடா வேடிக்க பாக்கற? தாகத்துல சாவறேன். தொறந்து குடு."

திறந்து கொடுத்தேன். பாதி பாட்டிலை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, மிச்சத்தை என்னிடம் நீட்டினார்.